இருபத்துநாலு அடிக் கோலும் பதினாறு சூத்திரமும்

ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி. ஒரகடம், படப்பை, வாலாஜாபாத் பக்கம் மனை பார்க்க வருகிற யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏன் 2400 என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். "நாப்பதுக்கு அறுபது சார், அதான்" என்பார் புரோக்கர். நாற்பதுக்கு அறுபது என்பது லேஅவுட் போடுகிறவர்கள் பிற்பாடு கண்ட சௌகரியம். அந்த எண் அதைவிட ரொம்ப மூத்தது.

செங்கல்பட்டுச் சீமையில் நிலம் அளந்த கோலின் நீளம் 24 அடி. கோலுக்குக் கோல் சதுரம் ஒரு குழி, அதாவது 576 சதுர அடி. நூறு குழி ஒரு காணி, 57,600 சதுர அடி. அந்தக் காணியை இருபத்துநாலு பங்கு போட்டால் ஒரு பங்கு ஒரு மனை: 2400. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் அந்த மனையைத்தான் கிரவுண்டு என்று எழுதிக்கொண்டான். கோல் எப்போதோ அடுப்புக்குப் போய்விட்டது. அது விட்டுப்போன எண்ணை வைத்துத்தான் இன்றைக்கும் லட்சக்கணக்கில் பணம் கைமாறுகிறது.

நான் வாலாஜாபாத்தில் பத்திரம் எழுதுகிறவன். அப்பா கிராமக் கர்ணம், அதாவது கணக்குப்பிள்ளை; தாத்தாவும் கர்ணம். அதனால் இதில் கொஞ்சம் குடும்பப் பாசம் கலந்திருக்கும். படிக்கிறவர்கள் அதைக் கழித்துக்கொள்ளலாம். தொழிற்சாலை வேலைக்கு வந்து இங்கேயே குடியேறியவர்கள் பிள்ளைகளை வேத கணித வகுப்பில் சேர்த்துவிட்டுப் பெருமையாகச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். அன்றாடக் கணக்கைச் சட்டென்று போட ஒரு முறை இந்த மண்ணிலேயே இருந்தது. அது எங்கே போனது, இது எங்கிருந்து வந்தது என்று யாராவது எழுதி வைக்க வேண்டும்.

ஊர்ப் பெயரிலிருந்தே தொடங்கலாம். ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா 1763இல் செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக விட்டுக்கொடுத்தார். அவர் பட்டப்பெயரைத்தான் எங்கள் ஊர் சுமக்கிறது. கம்பெனிக்குக் கிடைத்தது பாலாற்றங்கரையும் ஏரிகளும் சுமார் 2000 கிராமங்களும். எந்த ஊரில் எவ்வளவு நஞ்சை, எவ்வளவு புஞ்சை, யாருக்கு எவ்வளவு பங்கு என்பது மட்டும் அதற்குத் தெரியாது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் ஊர் ஊராக அளந்து கணக்கெடுத்தார். அவருக்கு அந்தக் கணக்கைக் கொடுத்தவர்கள் கிராமக் கணக்குப்பிள்ளைகள். தமிழில் ஓலையில் எழுதப்பட்ட அந்த ஊர்க்கணக்குகளில் ஒரு பகுதி இன்னும் இருக்கிறது. எத்தனை வீடு, எத்தனை ஏரி, களத்தில் யார் யாருக்கு என்ன மேரை (நெல் பங்கு) என்றெல்லாம் அவற்றில் பதிந்திருக்கிறது. ஆறு வருஷம் கழித்து, 1780 செப்டம்பர் 10 அன்று, இங்கிருந்து அதிகத் தூரமில்லாத புள்ளலூரில் ஐதரும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை நொறுக்கினார்கள். பிறகு வாலாஜாபாத்தில் கம்பெனி ஒரு ராணுவ முகாமே வைத்தது. யார் ஜெயித்தாலும் தோற்றாலும் அறுவடைக்குக் களத்தில் வந்து நின்றவர் கணக்குப்பிள்ளைதான்.

கணக்கு கேட்பது இந்தப் பக்கத்துக்குப் புதிதுமல்ல. தெற்கே உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்து (919, 921) குடவோலைக் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர்களை மறுபடி தேர்ந்தெடுக்கக் கூடாது என்கிறது. அவர்களுடைய உறவினர்களுக்கும் அதே தடை. இன்றைக்கு இந்த விதியைக் கொண்டுவந்தால் எத்தனை உள்ளாட்சி வார்டுகளில் வேட்பாளரே கிடைக்க மாட்டார் என்று நினைத்துக்கொள்வேன்.

கணக்குப்பிள்ளை எப்படி உருவானார்? திண்ணைப் பள்ளியில். பையன் முதலில் மணலில் விரலால் எழுதிப் பழகினான். பிறகு ஓலை. பாடம் நான்கு அடுக்கு: பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாற்று. பொன்னிலக்கம் எண்களும் பின்னங்களும். நெல்லிலக்கம் முகத்தல் அளவை. எண்சுவடி பெருக்கல் வாய்பாடு. குழிமாற்று நிலத்தின் நீள அகலத்தைப் பெருக்கும் வாய்பாடு. சாயங்காலம் மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை முன்னே சொல்ல, மற்றவர்கள் கூடச் சொல்லி ஒப்பிப்பார்கள். உ.வே.சாமிநாதையர் தம் சுயசரிதையில் தாம் படித்த திண்ணைப் பள்ளியைப் பற்றி எழுதியிருக்கிறார். மணலில் எழுதுவதும் மூத்த பையன் இளையவனுக்குச் சொல்லித்தருவதும் எழும்பூர் அனாதை விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் பாதிரியாருக்குப் பிடித்துப்போயின. 1797இல் அதைப் புத்தகமாகப் போட்டார். இங்கிலாந்தில் அது 'மெட்ராஸ் முறை' என்று பரவியது. பள்ளிக்கூடத்தை நாம் வெள்ளைக்காரனிடமிருந்து வாங்கினோம் என்பவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டிய இடம் இது.

எண்சுவடியின் சூட்சுமம் பின்னங்களில் இருக்கிறது. ஒன்றை 320 பங்கு போட்டால் ஒரு பங்கு முந்திரி. இரண்டு முந்திரி அரைக்காணி. இரண்டு அரைக்காணி ஒரு காணி, அதாவது 1/80. (இது பின்னக் காணி, மேலே சொன்னது நிலக் காணி.) நான்கு காணி ஒரு மா, 1/20. ஐந்து காணி ஒரு வீசம், 1/16. மாகாணி என்றும் சொல்வார்கள். இரண்டு வீசம் அரைக்கால், இரண்டு அரைக்கால் கால், ஐந்து மாவும் கால். ஏன் 320? அதை ஆறு தடவை பாதி பாதியாக்கலாம், ஐந்தாலும் வகுக்கலாம். காலும் அரைக்காலும் வீசமும் ஒரு வழியில் வரும். ஐந்தில் ஒன்றும் பத்தில் ஒன்றும் இருபதில் ஒன்றும் இன்னொரு வழியில் வரும். மூன்றால் மட்டும் வகுபடாது. அந்தக் குறையை நெல் அளவு தீர்த்துவைத்தது: எட்டு நாழி ஒரு குறுணி, இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம். களத்தில் மூன்று பங்கு போட வேண்டி வந்தால் கலம் தானே பிரிந்துகொள்ளும்.

முந்திரிக்கும் கீழே போவார்கள். முந்திரியில் 320இல் ஒரு பங்கு கீழ்முந்திரி, 1/1,02,400. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் வெட்டிவைத்த நிலக் கணக்கில் ஒரு வேலி நிலத்தில் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு வரை எழுதியிருக்கிறது. அவ்வளவு சிறிய துண்டில் ஒரு நெல்மணியைக்கூட வைக்க முடியாது. எதற்கு எழுதினான்? கணக்கு முடிந்துபோக வேண்டும், மிச்சம் தொங்கக் கூடாது. கர்ணம் குடும்பத்தில் பிறந்த எனக்கு அந்தப் பிடிவாதம் நன்றாகவே புரிகிறது.

இதை வைத்து அன்றாடக் கணக்கு எப்படி விழும் என்று காட்டுகிறேன். ஒருவருக்கு முக்காலே அரைக்கால் காணி நிலம். காணிக்கு 32 கலம் விளைச்சல். மொத்தம் எவ்வளவு? முப்பத்திரண்டில் முக்கால் இருபத்துநாலு, அரைக்கால் நாலு, ஆக 28 கலம். இரண்டு வாய்பாட்டு வரி, ஒரு கூட்டல். 7/8 × 32 என்று எழுதி இன்றைய பையனும் போட்டுவிடுவான். ஆனால் முதலில் எழுத வேண்டும். இன்னொன்று. அறுவடைக்கு வந்த ஏழு பேருக்கு ஆளுக்கு ஒரு குறுணி இரண்டு நாழி கூலி. ஏழு குறுணி, பதினாலு நாழி. பதினாலு நாழிதான் ஒரு குறுணி ஆறு நாழி. ஆக எட்டு குறுணி ஆறு நாழி. எட்டு குறுணி இரண்டு தூணி. "ரெண்டு தூணி ஆறு நாழி" என்று சொல்லிவிட்டு அளப்பவரைப் பார்ப்பார் கணக்குப்பிள்ளை. அளப்பவர் முதல் மரக்காலுக்கு ஒன்று என்று சொல்லாமல் 'லாபம்' என்று தொடங்குவார்.

ரூபாய் வந்த பிறகும் இந்தச் சுவடி தடுமாறவில்லை. 1818 வரை சென்னைப் பக்கம் புழங்கியது வராகன். ஒரு வராகன் 42 பணம், ஒரு பணம் 80 காசு. 42 என்ற எண்ணை எந்தப் புண்ணியவான் தேர்ந்தெடுத்தானோ, அதைக் கணக்கில் அடக்க எண்சுவடிக்காரர்களே திணறியிருப்பார்கள். ரூபாய்க்கு 16 அணா என்று வந்ததும் நிம்மதி: ஒரு அணா ஒரு வீசம். தேங்காய் ஒன்று மூன்றணா, 24 தேங்காய் என்ன விலை? மூன்றணா என்பது அரைக்காலே வீசம். இருபத்துநாலில் அரைக்கால் மூன்று, வீசம் ஒன்றரை, நாலரை ரூபாய். அணாவை எண்ணி 72 என்று கண்டுபிடித்து, பதினாறால் வகுத்து, இத்தனை சுற்று தேவையில்லை. இன்னொரு நுட்பமும் உண்டு: ஒவ்வொரு வாய்பாட்டின் கடைசியிலும் அதன் விடைகளின் மொத்தத் தொகை சொல்லப்பட்டிருக்கும். நடுவில் ஒரு வரி மறந்தாலோ பிசகினாலோ மொத்தம் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தக் கணக்குகளையெல்லாம் செய்யுளாகக் கட்டிய நூல்களில் காரிநாயனாரின் 'கணக்கதிகாரம்' பெயர்போனது. 'ஆஸ்தான கோலாகலம்' என்று இன்னொன்று இருக்கிறது. கணக்கதிகாரத்தின் பெயரில் இன்று எல்லாரும் பலாப்பழக் கணக்கைத்தான் சொல்கிறார்கள். பழத்தை அறுக்காமல் சுளை எண்ண, காம்பைச் சுற்றியுள்ள சிறு முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். பூசணிக்காய் விதைக்கும் ஒன்று உண்டு: கீற்றை எண்ணி மூன்றால் பெருக்கு, ஆறால் பெருக்கு, ஐந்தால் பெருக்கு, பாதி தள்ளு, மூன்றால் வகு. மேலே ஒரு மூன்று, கீழே ஒரு மூன்று. இரண்டும் அடிபட்டுப் போகும். சுருக்கினால் கீற்றுக்குப் பதினைந்து விதை, அவ்வளவுதான். எந்தப் பூசணியும் இந்த விதியைப் படித்துவிட்டுக் காய்ப்பதில்லை. இது விதை எண்ணும் வழியாக எனக்குப் படவில்லை. பையனுக்குப் பெருக்கலும் வகுத்தலும் பழக்குவதற்காக வைத்த பூசணிக்காய். நம் முன்னோர் விஞ்ஞானம் என்று இதைத் தூக்கிக்கொண்டு ஆடுகிறவர்கள் அதே நூலில் இருக்கும் நிஜமான கணக்கைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

நிஜமானது எது? வட்டத்தின் பரப்பு. விட்டத்தில் பாதியையும் சுற்றளவில் பாதியையும் பெருக்கு, குழி வரும். இது தோராயமில்லை, அப்பழுக்கில்லாத சரி. பை என்ற எண்ணே வேண்டாம். கிணற்றைச் சுற்றி ஒரு கயிறு, குறுக்கே ஒரு கயிறு, இரண்டையும் பாதியாக மடித்துக் கோலால் அளந்தால் போதும். கிணறு வெட்டக் கூலி பேசியவனுக்கும் குதிர் கட்டியவனுக்கும் வேண்டியது அதுதான்.

நல்ல பக்கத்தை மட்டும் சொல்லி நிறுத்தினால் எங்கள் வீட்டுப் பெருமை பேசியதாகிவிடும். 1822இல் கவர்னர் தாமஸ் மன்றோ உத்தரவில் ராஜதானி முழுக்கப் பள்ளிக்கூடக் கணக்கெடுத்தார்கள். 1826இல் வந்த தொகை: 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள். தரம்பால் 1983இல் இந்த ஆவணங்களைத் தொகுத்து அச்சிட்ட பிறகு எல்லாரும் இதை மேற்கோள் காட்டுகிறார்கள். அதே கணக்கில் பெண்பிள்ளைகள் 4,540 பேர்தான் என்பதை அவ்வளவாகக் காட்டுவதில்லை. களத்தில் கூலி வாங்கி நின்ற பறையர் குடும்பத்துப் பையனுக்குத் திண்ணையில் இடமில்லை. அவனுக்கு வர வேண்டியது இரண்டு தூணியா ஒன்றரைத் தூணியா என்பது கணக்குப்பிள்ளை வாயில் இருந்தது. மரக்காலைக் குவித்து அளப்பதா, தலைதட்டி அளப்பதா என்பது மிராசுதார் கண்ணசைவில் இருந்தது. வாய்பாடு தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் நடுவே இருந்த பள்ளம் அது. பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்து இந்தச் சுவடிகளைப் பல காலம் ஆராய்ந்த செந்தில் பாபு, 2022இல் ஆக்ஸ்போர்டு வெளியிட்ட நூலில் இந்தக் கணக்கின் சமூகத்தை விரிவாகவே எழுதியிருக்கிறார். அதைப் படித்தபோது என் தாத்தாவின் நடை உடை எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது.

சரி, இது எப்படிச் செத்தது? எண்சுவடி மெதுவாக ஓடியதால் தோற்கவில்லை. அது ஏறி நின்ற அளவுகளை எடுத்துவிட்டார்கள். 1956இல் எடை அளவுச் சட்டம் வந்தது. 1957 ஏப்ரல் 1ஆம் தேதி ரூபாய்க்கு நூறு நயா பைசா ஆனது. ஒரு அணா ஆறேகால் பைசா. அந்தக் காலைக் கொடுக்கக் காசு கிடையாது. ஓரணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25 என்று அட்டவணை போட்டார்கள். அத்தோடு வீசத்துக்கு வேலை போயிற்று. படி போய் லிட்டரும், வீசை போய்க் கிலோவும் வந்தன. குறை சொல்லவில்லை, ஊருக்கு ஒரு மரக்கால், ஊருக்கு ஒரு கோல் என்று இருந்த நாட்டில் ஒரே அளவு வந்தது, ஏமாற்றுவது கொஞ்சமாவது கஷ்டமாயிற்று. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டத்தின் மூலம் மணியக்காரர், கர்ணம் பதவிகளை ஒழித்தது. பரம்பரைப் பதவி ஒழிந்தது நியாயமே என்று இப்போது சொல்வேன். அப்போது வீட்டில் அப்படிப் பேச முடியாது. அப்பா பதிவேடுகளை ஒப்படைத்துவிட்டு வந்து, எண்சுவடியை மட்டும் பரணில் போட்டார். அதை அரசாங்கம் கேட்கவில்லை.

இனி வேத கணிதம். அதைக் கண்டவர் என்று சொல்லப்படுகிறவர் வடக்கத்திக்காரர் என்றுதான் இங்கே பலர் நினைக்கிறார்கள். பாரதி கிருஷ்ண தீர்த்தர் 1884இல் திருநெல்வேலியில் பிறந்தவர். இளமைப் பெயர் வெங்கட்ராமன். அப்பா தாசில்தார், கர்ணங்களின் கணக்கைத் தணிக்கை செய்யும் நாற்காலியில் இருந்தவர். மகன் சமஸ்கிருதத்தில் 1899இலேயே 'சரஸ்வதி' பட்டம் வாங்கினார். சிருங்கேரியில் படித்தார். 1919இல் துறவு பூண்டார், 1925இல் பூரி கோவர்த்தன மடத்துச் சங்கராச்சாரியார் ஆனார். காட்டில் தனித்திருந்து அதர்வ வேதப் பரிசிஷ்டத்திலிருந்து (பின்னிணைப்பிலிருந்து) 16 சூத்திரங்களையும் 13 உபசூத்திரங்களையும் மீட்டதாகச் சொன்னார். 1960இல் காலமானார். புத்தகம் 1965இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் வழியாக வெளிவந்தது.

அந்தச் சூத்திரங்கள் வேதத்தில் இருக்கின்றனவா? 1950இல் லக்னோவில் கணித வரலாற்றறிஞர் கே.எஸ். சுக்லா அச்சிட்ட பரிசிஷ்டத்தையே எடுத்துக்கொண்டு போய், சூத்திரங்களைக் காட்டும்படி தீர்த்தரிடம் கேட்டார். அவை தம் பரிசிஷ்டத்தில் மட்டும்தான் உண்டு, மற்றதில் இல்லை என்பது சுவாமிகளின் பதில். புத்தகத்தின் பதிப்பாசிரியர் வாசுதேவ சரண் அகர்வாலும், தெரிந்த பரிசிஷ்டங்களில் இவை இல்லை என்று முன்னுரையில் ஒப்புக்கொண்டிருக்கிறார். எஸ்.ஜி. தாணி 1993இல் ஃப்ரண்ட்லைனில் எழுதிய கட்டுரைகளோடு எனக்கு அந்த வழக்கு முடிந்தது. பொருளையும் நடையையும் பார்த்தால் சூத்திரங்கள் இருபதாம் நூற்றாண்டுச் சரக்கு. பத்தின் அடுக்கு, தசம எண், பள்ளிக்கூட இயற்கணிதம் எல்லாம் அவற்றில் இருக்கின்றன. மா, காணி, கலம், குறுணி எதுவும் இல்லை. திருநெல்வேலித் தாசில்தார் வீட்டில் பிறந்தவருக்கு இவை காதில் விழாமலா இருந்திருக்கும்?

வித்தை பொய்யா என்றால், இல்லை. 97ஐ 96ஆல் பெருக்க வேண்டுமா? நூறுக்கு ஒன்று 3 குறைவு, மற்றது 4 குறைவு. 97இல் நாலைக் கழித்தால் 93, மூன்றையும் நாலையும் பெருக்கினால் 12, விடை 9312. 35இன் வர்க்கத்துக்கு மூன்றை அடுத்த நாலால் பெருக்கி 12, பக்கத்தில் 25, ஆக 1225. 23ஐ 41ஆல் பெருக்க, இடப்பக்கம் 8, குறுக்கே பெருக்கிக் கூட்டினால் 14, வலப்பக்கம் 3, சேர்த்தால் 943. எல்லாம் நேரான இயற்கணிதம். பிள்ளைகளுக்கு இதில் ஒரு விளையாட்டுச் சந்தோஷம் வருகிறது. கணக்கைக் கண்டு நடுங்கும் பிள்ளைக்கு அந்தச் சந்தோஷம் மருந்து. அதைக் கெடுக்க நான் யார்?

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்து 1998இல் முதல் கார் ஓடியதிலிருந்து, ஒரகடத்தில் ரெனோ நிஸானும் அப்பல்லோ டயரும் ராயல் என்ஃபீல்டும் வரிசை கட்டியதுவரை, வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் ஷிப்ட் பஸ் நிற்கிற இடமெல்லாம் டியூஷன் சென்டர் முளைத்திருக்கிறது. காண்ட்ராக்ட் வேலையில் இருக்கும் பையனுக்கு அரசு வேலைக் கனவு. குரூப் 4 தேர்வில் 200 கேள்வி, மூன்று மணி நேரம், அதில் 25 கேள்வி திறனறிவு. ஒருவன் 12 நாளில் முடிக்கும் வேலையை இன்னொருவன் 15 நாளில் முடிப்பான், சேர்ந்து செய்தால் எத்தனை நாள்? இந்த மாதிரி. மொத்த வேலையை 60 பங்கு என்று வைத்தால் ஒருவன் நாளுக்கு 5, மற்றவன் 4. அறுபதை ஒன்பதால் வகுத்தால் ஆறே முக்கால் நாளுக்கு ஒரு துளி குறைவு. இதில் எந்தச் சூத்திரம் உதவியது? பெருக்கலே இல்லையே. அறுபது பங்கு என்று பார்க்கத் தெரிந்ததுதான் கணக்கு. ஒன்றை 320 என்று பார்த்தவனும் இதைத்தான் செய்தான். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாஸ்கரர் 'லீலாவதி'யில் வைத்த குளத்துக் கணக்கும் இந்த ஜாதிதான். நான்கு ஊற்றுகள் தனித்தனியே ஒரு நாள், அரை நாள், மூன்றில் ஒரு நாள், ஆறில் ஒரு நாளில் குளத்தை நிரப்பும், எல்லாம் சேர்ந்தால்? ஒரு நாளில் முறையே 1, 2, 3, 6 குளம் நிரம்பும். மொத்தம் 12 குளம். ஆகவே ஒரு குளத்துக்கு நாளில் பன்னிரண்டில் ஒரு பங்கு, ஐந்து நாழிகை. தென்னேரிக்கரையில் வளர்ந்த பிள்ளைக்கு இதைச் சொன்னால் மதகைத் திறந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு தலைகீழாகப் போட்டுக் காட்டுவான்.

என் தொழிலில் தினமும் வரும் வாக்கியக் கணக்கு ஒன்றைச் சொல்கிறேன். நான்கு பக்கமும் நாலு அளவாக இருக்கும் மனை: 40, 60, 44, 56 அடி. பரப்பு என்ன? எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கிப் பெருக்குவது பழைய வழக்கம்: 42 × 58. இதற்கு வேத கணிதப் பிள்ளை மூச்சு விடுவதற்குள் பதில் சொல்வான். ஐம்பதுக்கு எட்டு கீழே, எட்டு மேலே. 2500இல் 64 போக 2436. பெருக்கல் சரி. மனைதான் அவ்வளவு இல்லை. பாதியாக்கிப் பெருக்கும் வழி, செவ்வகம் தவிர எந்த நாற்கரத்துக்கும் பரப்பைக் கூட்டியே காட்டும், குறைத்துக் காட்டவே காட்டாது. விற்கிறவனுக்குச் சாதகமான சூத்திரம். அதனால்தான் சர்வேயர் புலப்படத்தில் நிலத்தை முக்கோணங்களாகக் கிழித்து அளக்கிறார். அந்தப் படத்தில் வருவதோ ஏர்ஸ். ஒரு ஏர்ஸ் ஏறக்குறைய இரண்டரை செண்ட், ஒரு கிரவுண்டு ஐந்தரை செண்ட், ஒரு ஏக்கர் 18 கிரவுண்டுக்குச் சற்று மேல், ஒரு பழைய காணி 132 செண்ட். நான்கு ராஜாங்கத்தின் அளவுகளை ஒரே பத்திரத்தில் எழுதுகிறேன். இவற்றுக்கு நடுவே ஓடிப் பழகிய மூளையைத்தான் திண்ணையில் வளர்த்தார்கள்.

டியூஷன் பிள்ளைகள் என் மேசைக்கு வந்தால் நான் கொடுக்கும் கணக்கு இதுதான். 30க்கு 40 மனை, அரை கிரவுண்டு, 1200 சதுர அடி என்று புரோக்கர் சொல்கிறார். நாலு பக்கமும் டேப் பிடித்துப் பார்த்தாயிற்று: 30, 40, 30, 40. சரிதானே? சாலை சாய்ந்து போகும் இடமாக இருந்து, மூலை 90க்குப் பதில் 75 டிகிரியாக இருந்தால், பக்கம் எதுவும் மாறாது. பரப்பு 1159 ஆகிவிடும். 41 சதுர அடி காற்றில் போனது. பெருக்கித் தெரிந்துகொள்ள முடியாது. வாய்மொழியாகச் சுற்றும் பழைய மூலைவிட்ட விதி ஒன்று உண்டு: நீளத்தை எட்டுப் பங்கு போட்டு ஒன்றைத் தள்ளு, அகலத்தில் பாதியைச் சேர், மூலைவிட்டம் வரும். எல்லா அளவுக்கும் இது சரியாக வராது. பத்துக்குப் பத்துச் சதுரத்துக்கு 13 முக்கால் என்று சொல்லி நாலு அங்குலத்துக்கு மேல் தவறும். ஆனால் 30க்கு 40க்கு அச்சாக விழும். நாற்பதில் எட்டில் ஒரு பங்கு தள்ளினால் 35, முப்பதில் பாதி 15, ஆக 50. மூலைக்கு மூலை டேப் பிடி. அந்தச் சாய்ந்த மனை என்றால் ஒரு மூலைவிட்டம் 56 அடியும் மற்றது 43 அடியும் காட்டும். இரண்டும் ஐம்பது வந்தால் அட்வான்ஸ் கொடுக்கலாம்.